அழைத்தவர் ஒருவர், கேட்பவர் ஒருவர்

நமது நாட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக என்ன வேண்டும்? நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை வேண்டும். அதைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்குடன் வைத்து, வீடு தேடி வந்து, "குடும்பத்தோடு வந்துவிட வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவ்வளவுதான். போகிறவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, பாங்கியில் இருப்பு எவ்வளவு, பந்தியிலிருந்து எழுந்ததும் நேரே வீட்டுக்குப் போவாரா அல்லது கல்யாண மண்டபத்திலேயே குடியேறிவிடுவாரா என்றெல்லாம் யாரும் விசாரிப்பதில்லை.

ஆனால் அதே கல்யாணம் கடலுக்கு அப்பால் நடக்குமானால் இவ்வளவு கேள்விகளும் வரிசையாக வந்து நிற்கின்றன. அவற்றைக் கேட்கிறவர் அழைத்தவர் அல்லர். அழைத்தவருக்கும் போகிறவருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் மூன்றாமவர். அவருக்கு இவரையும் தெரியாது, அவரையும் தெரியாது. காகிதம் ஒன்றுதான் தெரியும்.

இந்த விந்தையை 2024-ஆம் வருஷத்தில் ஸ்ரீபெரும்புதூரிலுள்ள ஒரு குடும்பத்துக்கு அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் நமக்கு வாய்த்தது. வெளிநாட்டுப் பிரயாணம் சீமான்கள் விஷயம் என்று நேயர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது மாதச் சம்பளத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் கதை. இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நம் வீட்டு வாசலுக்கும் வரலாம்.

வந்தவர்களும் இருந்தவர்களும்

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் சுமார் 40 கிலோ மீட்டர் சென்றால் ஸ்ரீபெரும்புதூர். ஆதிகேசவப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். ஸ்ரீ ராமாநுஜர் அவதரித்த ஸ்தலம். ஆயிரம் வருஷமாக இவ்வூர் வெளியுலகத்துக்கு இந்தக் காரணத்தால் தெரிந்திருந்தது. கடந்த முப்பது வருஷங்களுக்குள்ளே கதை மாறிவிட்டது. கொரியாவின் ஹுண்டாய் கம்பெனி 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கியது. ஒரகடத்தில் பிரான்சின் ரெனோவும் ஜப்பானின் நிஸ்ஸானும் சேர்ந்து ஆரம்பித்த தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் டைம்லர் லாரித் தொழிற்சாலை 2012-ல் வந்தது. இவற்றுக்கு வேண்டிய உதிரிப் பாகங்கள் செய்யும் சிறிய தொழிற்சாலைகள் ஏரிக்கரைகளையும் வயற்காடுகளையும் அடுத்து வரிசையாக எழும்பின.

தொழிற்சாலைகளோடு மனிதர்களும் வந்தார்கள். இன்று இந்த வட்டாரத்துக் கடைகளில் கொரிய எழுத்தில் பலகை தொங்குவதைப் பார்க்கலாம். நம்மவர் கொரியச் சொற்கள் சிலவற்றைக் கற்றார்கள். கொரியர்கள் தமிழ்ச் சொற்கள் சிலவற்றைக் கற்றார்கள். கற்க வேண்டாத சொற்களும் இரண்டு இருந்தன. அப்பாவுக்குக் கொரியக் குழந்தை சொல்லும் சொல்லும் "அப்பா"தான். அம்மாவை அது "ஓம்மா" என்கிறது. இது தற்செயலா, பழைய உறவா என்பதைப் பண்டிதர்கள் தீர்மானிக்கட்டும். நம் கதையில் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை இருக்கிறது.

நமது சிநேகிதர் ஒரகடத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் காலத்தில் நெல் விளைந்த நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்காக எடுத்துக்கொள்ளப்பட்டது. அவர் டிப்ளமா படித்து, உதிரிப் பாகத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்து, படிப்படியாக ஷிப்டு மேற்பார்வையாளராக உயர்ந்தார். அங்கே மேலதிகாரியாக இருந்த கொரியக் கனவான் ஒருவர், மனைவியுடனும் சிறுமியான மகளுடனும் ஆறு வருஷம் ஸ்ரீபெரும்புதூரில் குடியிருந்தார்.

2015 டிசம்பர் முதல் வாரத்துப் பெருமழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளக்காடாகி, மின்சாரமும் டெலிபோனும் அற்றுப்போன அந்த நாட்களில், மேற்படி கொரியக் குடும்பம் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்த வீட்டில் செய்வதறியாமல் நின்றது. நமது சிநேகிதரின் தாயார் மகனை அனுப்பி அவர்களைத் தம் வீட்டு மாடிக்கு அழைத்து வந்துவிட்டார். நாலு நாள் ரசமும் அப்பளமும்தான். பாஷை ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்தச் சிறுமி முதல் நாள் இரவு பயந்து அழுதபோது "ஓம்மா" என்றாளாம். கிழவி "இதோ இருக்கேன்" என்று எழுந்து போனாராம். அன்று முதல் அந்த வீட்டுக்கு இவர் பாட்டியாகிவிட்டார்.

2019-ல் கொரியக் குடும்பம் ஊர் திரும்பியது. 2024 மே மாதத்தில் பூசான் நகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மகள் வளர்ந்துவிட்டாள், அக்டோபரில் கல்யாணம், பாட்டி கட்டாயம் வரவேண்டும் என்று எழுதியிருந்தது. பிரயாணச் செலவில் பாதியைத் தாமே ஏற்பதாகவும் அவர் எழுதியிருந்தார்.

"பார்த்தாயிற்று" என்ற முத்திரை

விசா என்ற சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. "பார்க்கப்பட்டது" என்பது அதன் பொருள். அந்நிய தேசத்து அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டார், உள்ளே வர ஆட்சேபணை இல்லை என்று ஓர் அடையாளம். இது ஏதோ ஆதிகாலத்திலிருந்து இருந்து வரும் ஏற்பாடு என்று எண்ண வேண்டாம். முதலாவது உலக யுத்தத்துக்கு முன்பு உலகத்தின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே பிரயாணம் செய்தார்கள். யுத்த காலத்து அச்சத்தில் பிறந்த கட்டுப்பாடு, யுத்தம் முடிந்த பிறகும் போகவில்லை. இந்தியாவில் பாஸ்போர்ட் சட்டம் வந்தது 1920-ல்.

நம் பாட்டன்மார் கொழும்புக்குப் போன விதத்தை நினைத்துப் பாருங்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, எழும்பூரில் ஒரே டிக்கட் வாங்கினால் போட்மெயில் ரயில் தனுஷ்கோடியில் கொண்டு விடும். அங்கிருந்து நீராவிக் கப்பல் தலைமன்னாரில் சேர்க்கும். மறுபடியும் ரயிலேறிக் கொழும்பில் இறங்கலாம். தோட்டத் தொழிலாளிகளை மட்டும் மண்டபம் முகாமில் நிறுத்திப் பரிசோதித்தார்கள். ஏழைக்கு அன்றும் ஒரு வாசல் அதிகம். சுதந்திரம் பெற்ற இலங்கை 1948-ல் குடிவரவுச் சட்டம் இயற்றியபின் எல்லோருக்கும் காகிதம் தேவையாயிற்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியையே கொண்டு போய்விட்டது.

காகிதத்தின் பெயரால் மனிதனை எப்படித் திருப்பியனுப்பலாம் என்பதற்கு நமது தேச சரித்திரத்தில் ஆறாத வடு ஒன்று உண்டு. 1914 மே 23-ந் தேதி 'கொமகாட்டா மாரு' என்னும் ஜப்பானியக் கப்பல், குர்தித் சிங் தலைமையில் 376 இந்தியர்களுடன் கனடாவின் வான்கூவர் துறைமுகத்தை அடைந்தது. பிறந்த நாட்டிலிருந்து எங்கும் இறங்காமல் நேரே வந்தவர்கள்தாம் உள்ளே வரலாம் என்று கனடா ஒரு விதி செய்திருந்தது. இந்தியாவிலிருந்து அப்படி நேரே செல்லும் கப்பல் சர்வீஸே கிடையாது! விதி எதற்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லத் தேவையில்லை. இரண்டு மாதம் கரைக்கெதிரே தண்ணீரில் நிறுத்திவைத்து, மிகச் சிலரைத் தவிர மற்றவர்களைத் திருப்பியனுப்பினார்கள். செப்டம்பர் 29-ந் தேதி கல்கத்தாவுக்கு அருகே பஜ்பஜ்ஜில் இறங்கியவர்கள் மீது பிரிட்டிஷ் போலீஸாரும் துருப்புகளும் சுட்டதில் பலர் மாண்டார்கள். 2016-ல் கனடாவின் பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

சுதந்திர இந்தியாவிலும் பாஸ்போர்ட் என்பது நெடுநாள் வரையில் சர்க்காரின் தயவாகவே இருந்தது. 1967 ஏப்ரலில் தலைமை நீதிபதி சுப்பா ராவ் உள்ளிட்ட ஐந்து நீதிபதிகள் முன் வந்த வழக்கில், வெளிநாடு செல்லும் உரிமை பிரஜையின் சொந்த சுதந்திரத்தில் அடங்கியது என்று சுப்ரீம் கோர்ட்டு பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அதே வருஷம் ஜூன் மாதத்தில் புதிய பாஸ்போர்ட் சட்டம் வந்தது. ஆகவே, வீட்டை விட்டுப் புறப்படுவது நமது உரிமை. ஆனால் பிறர் வீட்டுக்குள் நுழைவதற்கு உரிமை இல்லை. அது வீட்டுக்காரரின் சம்மதம். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் உள்ள பேதம் இதுதான்.

ஓர் எழுத்தின் விலை

நமது சிநேகிதருக்கும் அவர் மனைவிக்கும் பாஸ்போர்ட் முன்பே இருந்தது. தாயாருக்குத்தான் எடுக்க வேண்டியிருந்தது. சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். 60 வயது கடந்தவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி உண்டு. பணம் பெரிதல்ல, பெயர்தான் பெரிதாகிவிட்டது. ஆதாரில் அம்மையாரின் பெயர் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாகவும், ரேஷன் கார்டில் அந்த எழுத்து இல்லாமலும் இருந்தது. 68 வருஷமாக ஒரே பெயருக்கு "வந்தேன்" என்று பதில் சொன்னவரை, எந்தப் பெயர் உம்முடையது என்று கேட்டால் என்ன செய்வார்? காகிதங்களை ஒன்றாகத் திருத்திக்கொண்டு, தாம்பரத்திலுள்ள பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு இரண்டு நடை நடந்து, போலீஸ் விசாரணையும் முடிந்து, புத்தகம் தபாலில் வந்து சேர ஆறு வாரம் ஆயிற்று.

நேயர்கள் இதிலிருந்து ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டிலுள்ள பெரியவர்களின் பெயரும் பிறந்த தேதியும் எல்லாக் காகிதங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். பிரயாணம் வரட்டும், வராமற் போகட்டும். பென்ஷனுக்கும் பாங்கிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இதே எழுத்துத்தான் குறுக்கே நிற்கிறது.

அழைப்புக் கடிதம் என்றால் என்ன?

அடுத்தபடி, அழைப்புக் கடிதம். கல்யாணப் பத்திரிகை வேறு, இது வேறு. அழைக்கிறவர் யார், என்ன தொழில் செய்கிறார், எங்கே வசிக்கிறார் என்பது அதில் இருக்க வேண்டும். அழைக்கப்படுகிறவர் யார், இருவருக்கும் எத்தனை வருஷப் பழக்கம், எந்தக் காரியத்துக்காக வருகிறார் என்பதைச் சொல்ல வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த வீட்டில் தங்குவார், செலவு யாருடையது என்பதைத் தெளிவாக எழுதிக் கையெழுத்திட வேண்டும். அழைப்பவர் தம்முடைய அடையாளச் சான்றையும் உத்தியோகச் சான்றையும் கூட வைத்தால் நல்லது.

ஒவ்வொரு தேசத்துக்கும் இதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. ஒரகடத்துக்கு வந்திருக்கும் தேசங்களையே எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் உள்ள நண்பரைப் பார்க்கச் செல்வதானால், அவர் அழைப்பின் காரணத்தை எழுதித் தருவதோடு, நாள்வாரியான நிகழ்ச்சி நிரலும் தரவேண்டும். செலவு அவருடையதானால் "இவருக்கு நான் ஜாமீன்" என்று உத்தரவாதக் கடிதமும் வேண்டும். ஜெர்மனியில் விருந்தாளியின் செலவை ஏற்பவர் அந்நியர் பதிவு அலுவலகத்துக்குத் தாமே சென்று, இவருடைய செலவு முழுவதற்கும் நான் கடமைப்பட்டவன் என்று கையெழுத்திட வேண்டும். அது வெறும் மரியாதைக் கடிதமல்ல. விருந்தாளிக்காக அந்நாட்டுச் சர்க்கார் செலவழிக்க நேர்ந்தால், அவரிடமிருந்து அதைச் சட்டப்படி வசூலிக்கலாம். பிரான்சிலோ, தம் வீட்டில் தங்கவைப்பவர் ஊர் நகர சபையில் விண்ணப்பித்து, அதற்கென்று ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்புகிறார்.

ஆக, அழைப்பவரும் நமக்காக ஓரளவு தலையைக் கொடுக்கிறார். பூசான் கனவான் இரண்டு பக்கத்தில் கடிதம் எழுதி, குடும்பச் சான்றும் வேலைச் சான்றும் இணைத்து அனுப்பியிருந்தார். கடிதத்தில் வெள்ளத்தைப் பற்றியும் நாலு வரி இருந்தது. இதைவிட நல்ல அழைப்பு யாருக்குக் கிடைக்கும்?

காட்டுவதற்கென்று ஒரு பணம்

இந்த இடத்தில்தான் கதையில் ஏஜெண்டு பிரவேசிக்கிறார். அவர் பெயரோ அலுவலகமோ இங்கே வேண்டியதில்லை. அவரைப் போன்றவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நமது சிநேகிதரின் பாங்கிக் கணக்கைப் பார்த்து அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன ஸார் இது? வருகிற சம்பளம் வந்த வழியே போகிறது. குறைந்தது ஐந்து லட்சமாவது இருப்புக் காட்ட வேண்டாமா? பதினைந்து நாளைக்குப் புரட்டிப் போடுங்கள். விசா வந்ததும் எடுத்துக் கொடுத்துவிடலாம்."

நமது சிநேகிதர் மைத்துனரிடம் இரண்டு லட்சமும், வட்டிக்குக் கொடுப்பவரிடம் இரண்டு லட்சமும் வாங்கிக் கணக்கில் போட்டார். வழக்கமாக நாற்பதினாயிரம் ஐம்பதினாயிரம் இருக்கும் கணக்கில், விண்ணப்பம் கொடுப்பதற்குப் பத்து நாள் முன்னால் திடீரென்று நாலு லட்சம் குதித்தது. வீட்டுக் கடன், பிள்ளையின் படிப்பு முதலியவற்றை ஏஜெண்டு விண்ணப்பத்தில் குறிப்பிடவேயில்லை. கடனாளி என்றால் கௌரவக் குறைவு என்பது அவருடைய சித்தாந்தம்.

ஆகஸ்டு முதல் வாரத்தில் மூன்று பாஸ்போர்ட்டும் திரும்பி வந்தன. விசா இல்லை. பிரயாணத்தின் நோக்கமும், திரும்பி வருவதும் திருப்திகரமாக நிரூபிக்கப்படவில்லை என்ற பொருளில் ஒரே ஒரு வரி. கட்டிய கட்டணம் கட்டியதுதான். வட்டிக்காரர் வட்டியை விடவில்லை.

அன்று மாலை நாம் அவர் வீட்டுக்குப் போயிருந்தோம். இழவு வீடு போல் இருந்தது. பணம் போனது அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

"இருபது வருஷம் அவர்கள் கம்பெனியில் அவர்கள் இயந்திரத்தை ஓட்டினேன். எங்கள் நிலத்தின் மேல்தான் இந்தப் பேட்டையே நிற்கிறது. நான் போனால் திரும்ப மாட்டேன் என்று எழுதியிருக்கிறார்களே, ஸார்!" என்றார். குரல் தழுதழுத்தது.

நமக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் உண்மையைப் பேசுவதென்றால், அந்த அதிகாரி இவரைப் பார்க்கவில்லை. இவருடைய கணக்கில் குதித்த நாலு லட்சத்தைப் பார்த்தார். அது யாருடைய பணம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரியாததைச் சந்தேகிப்பது அவருடைய உத்தியோகம். நாம்தான் உண்மையான மனிதரை மறைத்து, பொய்யான பணக்காரர் ஒருவரை அனுப்பிவைத்தோம். திருப்பியனுப்பப்பட்டவர் அந்தப் பணக்காரரே.

அதுவரை பேசாமல் கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தாயார் தலை நிமிர்ந்தார்.

"ஏம்பா, கூப்பிட்டவன் கதவைத் திறந்துதானே வெச்சிருக்கான்? நடுவுல நிக்கிறவருக்கு நம்மளத் தெரியல. தெரியும்படியா சொல்லணும். நம்ம ஊரு சாமி திருக்கோட்டியூருக்கு எத்தனை தரம் நடந்தாரு?"

பதினெட்டு முறை நடந்தார். திருக்கோட்டியூர் நம்பி பதினேழு முறை ராமாநுஜரைத் திருப்பியனுப்பி, பதினெட்டாவது முறைதான் மந்திரத்தை உபதேசித்தார் என்பது வைஷ்ணவ குருபரம்பரை சொல்லும் வரலாறு. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவருக்குத் திரும்பி வருவதில் அவமானம் ஏது?

கடனே சாட்சி

இரண்டாவது விண்ணப்பத்தை நமது சிநேகிதரின் மனைவி எழுதினார். ஏஜெண்டு கிடையாது. வெள்ளைத் தாளில் ஒன்றரைப் பக்கம், எளிய ஆங்கிலம். முதலில் முந்தைய மறுப்பை மறைக்காமல் சொன்னார். அந்த நாலு லட்சம் கடன் வாங்கிப் போட்டது, திருப்பிக் கொடுத்தாயிற்று, அப்படிச் செய்தது தவறு என்று எழுதினார். பிறகு உள்ளதை உள்ளபடியே வரிசைப்படுத்தினார். கணவருக்கு இருபது வருஷ வேலை, பிராவிடண்டு பண்டு கணக்கு, தொழிற்சாலை கொடுத்த பன்னிரண்டு நாள் லீவு உத்தரவு. ஆறு மாதத்துச் சம்பளச் சீட்டும், ஏறி இறங்கும் நிஜமான பாங்கிக் கணக்கும். சிறுகச் சேர்த்த ஒரு லட்சத்துச் சொச்சம் பிக்ஸட் டிபாஸிட். செலவில் பாதி அழைத்தவருடையது. மகன் பிளஸ் டூ படிக்கிறான், மார்ச்சில் பரீட்சை, அவன் தாய்மாமன் வீட்டில் இருப்பான். வீட்டுக் கடன் தவணை 2037-ஆம் வருஷம் வரையில் இருக்கிறது.

இந்தக் கடைசி வரியைப் படித்ததும் நமது சிநேகிதர், "கடனைப் போய் எழுதுவதா?" என்று தயங்கினார்.

"அதுதான் முக்கியம். 2037 வரைக்கும் இந்த ஊரை விட்டு நம்மால் எங்கே போக முடியும்?" என்றார் அந்த அம்மாள்.

பணம் வைத்திருக்கிறவன் எந்த ஊரிலும் வாழலாம். தவணை கட்டுகிறவனுக்குத்தான் ஒரே ஊர். நம் தேசாபிமானத்துக்குக் கடன் பத்திரமே அத்தாட்சியாக விளங்கும் காலம் இது!

2015 டிசம்பரில் மாடியில் எடுத்த புகைப்படம் ஒன்றையும் இணைத்தார்கள். நடுவில் கிழவி, மடியில் கொரியச் சிறுமி, பக்கத்தில் மெழுகுவர்த்தி. செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் மூன்று விசாவும் வந்தன.

இரண்டாம் முறை ஏன் கிடைத்தது என்று எந்தத் தூதரகமும் விளக்கம் சொல்வதில்லை. உண்மையை எழுதியவர்கள் எல்லோருக்கும் விசா கிடைத்துவிடும் என்று நாமும் சொல்ல மாட்டோம். 2024-ல் ஐரோப்பாவின் ஷெங்கன் தேசங்களுக்கு இந்தியாவிலிருந்து 11 லட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போயின. ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து மறுக்கப்பட்டன. மறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் பொய்யர்களா? நிச்சயமாக இல்லை. ஆனால் உண்மைக் காகிதத்துக்கு மறுப்பு வந்தால் மறுபடியும் நிமிர்ந்து நின்று கேட்கலாம். பொய்க் காகிதத்துக்கு வந்தால், கேட்க வாய் இராது.

இன்னொரு வாசல்

பொய்க் காகிதத்தில் இதைவிடப் பெரிய அபாயமும் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் ஒப்பந்தக் கூலிக்கு உழைக்கும் டிப்ளமா படித்த இளைஞர்கள் பல்லாயிரம் பேர். "டூரிஸ்டு விசாவில் போ, அங்கே வேலை தயார்" என்று சொல்லும் ஏஜெண்டுகள் இவர்களைத்தான் நாடுகிறார்கள். 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் உத்தியோகம் என்று அழைத்துச் செல்லப்பட்ட இந்திய இளைஞர்கள் பலர், எல்லை தாண்டி மியன்மாரிலுள்ள மியாவாடிக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் சிறைப்பட்டார்கள். அவர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தார்கள். இரண்டு சர்க்கார்களும் முயன்று பலரை மீட்டு வந்தன. சுற்றிப்பார்க்கும் விசாவில் ஒரு நாள்கூட வேலை செய்யலாகாது. வேலைக்கென்று போகிறவர், அழைப்பவர் பதிவு பெற்ற ஏஜெண்டுதானா என்பதை மத்திய சர்க்காரின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துக்கொண்டுதான் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டும். பெற்றோர்கள் இதைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது அவசியம்.

நாம் சொல்ல வேண்டியது நமது சர்க்காருக்கும் ஒன்று உண்டு. ஜப்பானியப் பிரஜைகள் 2016 முதலும், தென் கொரியப் பிரஜைகள் 2018 முதலும், சென்னை உள்ளிட்ட ஆறு விமான நிலையங்களில் இறங்கியபின் விசா பெறலாம் என்று இந்தியா வசதி செய்து கொடுத்தது. இது விருந்தோம்பும் தேசத்துக்கு அழகு. நாம் அதைக் குறை கூறவில்லை. நமது நாடும் எல்லாத் தேசத்தாருக்கும் இந்தச் சலுகை தருவதில்லை என்பதையும் மறக்கவில்லை. ஆனால், அவர்களுடைய தொழிற்சாலையில் இருபது வருஷம் உழைத்தவன், அவர்களுடைய வீட்டுக் கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் போய்வர இத்தனை ஜாமீன் கேட்கப்படுவது சமமான சிநேகமாகுமா? முதலீட்டு உடன்படிக்கையில் கையெழுத்திடும்போது, நிலமும் தண்ணீரும் மின்சாரமும் பேசப்படுகின்றன. உழைக்கிற மனிதனின் போக்குவரத்தையும் அந்த மேஜையில் ஒரு வார்த்தை பேசினால் என்ன?

போனார்கள், வந்தார்கள்

அக்டோபரில் மூவரும் பூசானுக்குப் போனார்கள். தாயார் காஞ்சிபுரத்துப் பட்டுப் புடவை ஒன்றை மணப்பெண்ணுக்குக் கொண்டு போயிருந்தார். கல்யாணத்துக்கு மறு நாள், பக்கத்திலுள்ள கிம்ஹே என்னும் ஊரில் ஒரு மகாராணியின் சமாதிக்கு அவர்களை அழைத்துப் போனார்களாம். கி.பி. 48-ல் ஆயுத்தா என்னும் தேசத்து ராஜகுமாரி கப்பலேறி வந்து, சுரோ மன்னனை மணந்து ராணியானாள் என்று 'சம்குக் யூசா' என்ற கொரியப் பழைய நூல் கூறுகிறது. அது அயோத்தி என்பார் உண்டு, தமிழ்நாட்டின் தென்கோடியிலிருந்த ஆய் நாடு என்பாரும் உண்டு. எது எப்படியாயினும், அந்த அம்மாளை யாரும் பாங்கிக் கணக்குக் கேட்கவில்லை. அவள் திரும்பி வரவும் இல்லை!

நமது சிநேகிதரின் தாயார் பன்னிரண்டாவது நாள் திரும்பி வந்துவிட்டார். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் நாம் காத்திருந்தோம். காரில் ஏறி உட்கார்ந்து, பூந்தமல்லி தாண்டும்வரை மௌனமாக இருந்தவர் திடீரென்று மகனைக் கேட்டார்.

"ஏம்பா, நாம வந்து சேர்ந்துட்டோம்னு அந்த ஆபீஸருக்கு ஒரு கடுதாசி போட வேணாமா?"

"எந்த ஆபீஸருக்கு, அம்மா?"

"அதான், திரும்ப மாட்டோம்னு கவலப்பட்டாரே, அவருக்கு."

நாம் சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அந்தக் கடிதம் உண்மையாகவே தபாலில் சேர்க்கப்பட்டது. மூன்று பேரும் சொன்ன தேதியில் ஊர் திரும்பினோம், கல்யாணம் சிறப்பாக நடந்தது, அநுமதித்ததற்கு நன்றி என்று மூன்றே வரிகள். கீழே தாயாரின் கையெழுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்களில்.

பதில் ஒன்றும் வரவில்லை. வரும் என்று அந்த அம்மையார் எதிர்பார்க்கவும் இல்லை. கேட்டவருக்குப் பதில் சொல்லியாயிற்று என்று, மறுபடியும் கூடத்தில் கீரை ஆயப் போய்விட்டார்.